தேவர்சோலை என்றொரு நகரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நீலகிரி மாவட்டத்தில் இருந்தவர்கள் 7,35,394 பேர். அவர்களில் 59 சதவீதத்துக்கும் சற்று அதிகமானோர் நகரவாசிகள். தமிழ்நாடு முழுவதற்குமான சராசரியே 48 சொச்சம்தான். அதாவது யானையும் காட்டெருமையும் புலியும் திரிகிற இந்த மலை மாவட்டம், மாநில சராசரியை விடப் பெரிய நகரம். இந்தக் கணக்கை நம்பி ஒருவர் கூடலூரில் பத்தேரி பஸ் ஏறி, தேவர்சோலையில் இறங்கினால், நகரத்தைத் தேட வேண்டியிருக்கும்.

நான் போனது அந்த நகரத்தைப் பார்க்கத்தான். ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் மைசூர் ரோட்டிலிருந்து இறங்கும் கார்கள் எல்லாம் மேலே, ஊட்டியைப் பார்த்துத் திரும்புகின்றன. பாட்டவயல் வழியாக சுல்தான் பத்தேரி போகிற பஸ் மட்டும் மேற்கே திரும்புகிறது. அது பலாப் பருவம். பஸ் கூரையிலிருந்து மழை ஒழுக, ஜன்னலுக்கு வெளியே இருபுறமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி. பலா மரங்களில் அடிமரத்திலேயே காய்கள் தொங்கின. கண்டக்டர் தமிழில் சில்லறை கேட்டார். பின் சீட்டிலிருந்து மலையாளத்தில் பதில் வந்தது. இரண்டு பேருக்கும் அது இரண்டு மொழி என்ற நினைப்பே இருந்ததாகத் தெரியவில்லை.

பஜாரில் இறங்கி டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். டவுன் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "நீங்க நிக்கிறதுதான் டவுன் சார். அந்த வளைவு தாண்டினா முடிஞ்சிடும். ஆனா பேரூராட்சி முடியாது, அது காட்டுக்குள்ள வரைக்கும் போகும்" என்றார். அவருடைய அப்பா இலங்கையில் நுவரெலியா பக்கத் தோட்டத்தில் இருந்தவர். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இந்தப் பக்கக் காடுகளை வெட்டித் தேயிலை வைத்தது. பிற்பாடு அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இங்கே இன்னும் அவர்களை சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள், இங்கேயே பிறந்து இங்கேயே பேரன் எடுத்தவரையும் சேர்த்து. அந்த டான்டீ நஷ்டத்தில் ஓடி, 2022-இல் தன் தேயிலை நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பதாக முடிவானது. காட்டை வெட்டியபோதும் சரி, காடாகவே போகட்டும் என்று விட்டபோதும் சரி, அதில் வேலை பார்த்தவர்களை யாரும் கேட்டதில்லை.

தேவர்சோலை எப்படி நகரமானது? சட்டப்படி பேரூராட்சி என்பது நகர்ப்புற உள்ளாட்சி. அப்படி அறிவிக்கப்பட்ட எந்த இடத்தையும் கணக்கெடுப்புத் துறை கேள்வி கேட்காமல் நகரம் என்று எழுதிக்கொள்ளும். அறிவிக்கப்படாத ஊர் நகரப் பட்டியலில் ஏற வேண்டுமானால்தான் மூன்று நிபந்தனை: ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசி விவசாயம் அல்லாத வேலையில். இதில் மூன்றாவதில் ஒரு வேடிக்கை உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளியை கணக்கெடுப்பு விவசாயக் கூலி என்று எழுதுவதில்லை. ஆலைத் தொழிலாளி, ஆசிரியர், வியாபாரியோடு சேர்த்து 'இதர தொழிலாளர்' கட்டத்தில் போட்டுவிடும். முதுகில் கூடையோடு அட்டைக்கடியில் நிற்கும் பெண் அந்தத் தாளில் விவசாயத்தைச் சேர்ந்தவள் அல்ல. நீலகிரியின் நகரக் கணக்கைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

தாளில் இருப்பது தாளோடு போகாது என்பதை டீக்கடையிலேயே தெரிந்துகொண்டேன். பக்கத்து ஸ்ரீமதுரை ஊராட்சி. அங்கே நூறு நாள் வேலை இருந்தது. இங்கே பேரூராட்சி, கிடையாது. "எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் என் மச்சினிச்சி வேலைக்குப் போவா, இந்தப் பக்கம் நான் டவுன்காரி" என்றார் டீ குடிக்க வந்த ஒரு பணியர் பெண். அவருடைய பாடி, அதாவது குடியிருப்பு, பஜாரிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் மண்பாதையின் கடைசியில். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் என்று கூடலூர் வட்டாரத்தின் முதல் குடிகளில் பலர் இப்படி நகரங்களுக்குள் பாடிகளில் இருக்கிறார்கள்.

நகரத்தைத் தாளில் எழுதுகிறவர்களையும் ஒருவர் ஆராயலாம். நகரத்தின் நீடித்த வளர்ச்சி பற்றிப் பேசும் நிபுணர்களையே ஆராய்வது மானிடவியலில் இப்போது ஒரு துறை. அமெரிக்க மானிடவியலாளர் ஆன் ராடெமாக்கர் மும்பையில் சுற்றுச்சூழல் கட்டடக்கலை படிப்பவர்களோடும் கற்பிப்பவர்களோடும் உட்கார்ந்து, பசுமைக் கட்டடம் என்ற அறிவு அங்கே எப்படி உருவாகிறது, அதைக் கற்றவர் அதை எங்கே பயன்படுத்த முடிகிறது, எங்கே முடியவில்லை என்று பார்த்தார். அவருடைய நூல் 2017-இல் வந்தது. பழைய மானிடவியல் ஆதிவாசியை ஆராய்ந்தது. புதியது எஞ்சினியரை ஆராய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டுமானால் அதற்கு நீலகிரியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மலைக்கு இப்போது நிபுணர்கள் காலம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ். இந்த ஊர்கள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கண்டறியும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றமே வரம்பு கட்டியது. அதற்கு முன்பே, 2022-இல், டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதற்கும் முன்னால், 2000-த்தை ஒட்டி, அப்போதைய கலெக்டர் சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைகளை மலையை விட்டு விரட்டக் கிளம்பினார். பிளாஸ்டிக் ஒழிப்பில் நாட்டிலேயே நீலகிரி முந்தி என்று பேர் வந்தது அப்போதுதான். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பாட்டில் திட்டத்துக்குப் பிறகு காட்டோரம் உடைந்த கண்ணாடி குறைந்தது என்று யானையின் காலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களே சொல்கிறார்கள்.

ஆனால் கேள்வி எப்போதும் ஊட்டியிலிருந்து கேட்கப்படுகிறது: வெளியிலிருந்து எவ்வளவு பேர் வரலாம்? தேவர்சோலையின் கேள்வி வேறு. உள்ளே இருப்பவர்கள் யாருடைய நிலத்தில் இருக்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தென்கிழக்கு வயநாடு என்ற இந்தப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டம். நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரை உடைமை. தோட்டக்காரர்கள் கோவிலகத்திடம் குத்தகை எடுத்துக் காப்பியும் பிறகு தேயிலையும் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1969-இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1974-இல் அது அமலுக்கு வந்தபோது ஏறத்தாழ எண்பதாயிரம் ஏக்கர் அரசின் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜன்மியும் குத்தகைதாரரும் தாங்களே உழுத நிலத்துக்குப் பட்டா கேட்க சட்டத்தின் 8, 9, 10 பிரிவுகளில் வழி இருந்தது. குத்தகைத் தோட்டங்கள் 17-ஆம் பிரிவில் போயின. அங்கேதான் சிக்கல். தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே சிறு விவசாயிகள், கேரளத்திலிருந்து வந்தவர்கள், சிலோனிலிருந்து வந்தவர்கள் என்று பலரும் அந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்து நீதிமன்றத்திடமிருந்து பாதுகாக்க முடியுமா என்ற கேள்விதான் ஐ.ஆர். கொயெலோ வழக்காகி, 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்பானது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிச் சட்டக்கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு, இந்தத் தேயிலைச் சரிவுகளில் முளைத்தது.

அது மட்டுமல்ல. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, தன் குடும்பத்தின் பழைய காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவு, யார் பெயரில் இருந்தாலும் சரி, அகராதி சொல்லும் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது. அசாமிலும் அருணாசலத்திலும் மர ஆலைகள் மூடின. நாடு முழுவதற்குமான காட்டுச் சட்டம் கூடலூரிலிருந்து புறப்பட்டுப் போனது. கூடலூருக்கு மட்டும் திரும்பி வரவில்லை என்று இங்கே ஒரு வக்கீல் கசப்போடு சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. காட்டைக் காப்பாற்றியதில் அந்த உத்தரவுக்குப் பங்குண்டு என்பது மறுபாதி. அதையும் சொல்லியாக வேண்டும்.

17-ஆம் பிரிவு நிலத்தில் கட்டிய வீட்டுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு இழுபறி. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிகளும் வாக்குறுதி தரும் விஷயம் இது. பஜாரிலிருந்து இறங்கி நடந்தால் கம்பம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வீடுகளின் ஓட்டுக்கு மேல் சிறிய சோலார் தகடுகள். வெளியூர் ஆய்வாளர் ஒருவர் பார்த்தால் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று குறித்துக்கொண்டு போவார். வாசலில் நின்ற ஒரு பெண்மணி, மழைக்காலத்தில் அந்தத் தகடு ஒரு பல்பைக்கூட ராத்திரி எட்டு மணி வரை எரிய விடாது என்றார். "எட்டு மணிக்கு மேலதான் சார் யானை வரும்." கூரையில் கட்டாயத்தால் வந்த பசுமைக்கும் விருப்பத்தால் வந்த பசுமைக்கும் வித்தியாசம் காட்டும் அட்டவணை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

நிபுணர் வந்து பார்த்து ஏமாற்றிய கதை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசு வரவழைத்தது. தேவாலா, பந்தலூர் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று அவர் 1880-இல் அறிக்கை கொடுத்தார். லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன, தேவாலாவில் விடுதிகளும் கடைகளும் வந்தன. சில வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. பாறையில் தங்கம் இருந்தது உண்மைதான். செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு இல்லை. நான் அந்தக் கதையை நினைத்துக்கொண்டது தங்கத்துக்காக அல்ல. குறும்பரும் பணியரும் அதே பாறைகளிலும் ஓடைகளிலும் தலைமுறைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கம் அரித்து வந்தவர்கள். எவ்வளவு கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கத் தனியாக ஒருவர் வந்தார். இஸ்ரேலிய மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட் 1970-களின் கடைசியில் நீலகிரி-வயநாட்டு எல்லைக் காடுகளில் நாயக்கர்களோடு, நாம் காட்டுநாயக்கர் என்கிறவர்களோடு, தங்கினார். காட்டை அவர்கள் கொடுக்கிற பெற்றோராகப் பார்க்கிறார்கள், அதனால் சேர்த்து வைப்பதில்லை என்று 1990-இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் பாடமானது. பிற்பாடு, 2017-இல் வந்த நூலில், அவர் இன்னொரு விஷயத்தைப் பிடித்தார்: ஒருவரையொருவர் உறவுமுறையால் அறிந்த முப்பது நாற்பது பேரின் உலகத்தை, லட்சக்கணக்கானவர்களை எண்ணப் பிறந்த சொற்களால் எழுதும்போது என்ன தொலைந்து போகிறது என்பது. எனக்கு அந்த வாதம் தேவர்சோலையில்தான் முழுதாக உறைத்தது. 59 சதவீதம் என்ற எண் பொய்யில்லை. அது எண்ணிய தொலைவிலிருந்து பாடி தெரியாது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பஜாரில் தூய்மைப் பணியாளர் ஒருவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன். பேட்டரி வண்டியில் பச்சை, நீலத் தொட்டிகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை. சென்னையில் பார்ப்பதேதான். ஒரு கடை வாசலில் கடைக்காரர் ஒரு சாக்கை எடுத்து வைத்தார், அந்த அக்கா அதைத் தனியாக வண்டியின் முன்பக்கம் தொங்கவிட்டார். உள்ளே பலாப்பழத் தோலும் சக்கையும். ஏன் பச்சைத் தொட்டியில் போடவில்லை?

"அது மக்கும் குப்பைதான் தம்பி. ஆனா அது யானைக் குப்பை" என்றார்.

பலாவின் வாசனைக்கு யானை எவ்வளவு தூரமானாலும் வரும். பலாத் தோலைச் சாயங்காலம் வெளியே வைத்தால் ராத்திரி கடையின் ஷட்டர் போகும். அதனால் காலையில் மட்டும்தான் வாங்குவது, வாங்கியதை அன்றைக்கே புதைத்துவிடுவது, வாழைக்குலைத் தண்டும் அப்படியே. உப்புச் சாக்கைக் கழுவாமல் வெளியே போடக்கூடாது. இதெல்லாம் எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டேன். முகாமில் இரண்டு தொட்டி பற்றிச் சொன்னார்களாம். மூன்றாவது வகை இவர்களாகவே வைத்துக்கொண்டது. திடக்கழிவு மேலாண்மை பற்றி நான் படித்த எதிலும் இல்லாத ஒரு பிரிவு, இங்கே ஒரு சாக்கில் தொங்கிக்கொண்டு போனது.

2021 செப்டம்பரில் தேவர்சோலையின் தேவன் எஸ்டேட் பக்கம் ஒருவரைப் புலி அடித்தது. டி-23 என்று பேர் வைத்த அந்தப் புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லி, சுட்டுப்பிடிக்க உத்தரவு வந்து, உயர் நீதிமன்றம் உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்று சொல்லி, ட்ரோன், கேமரா, மோப்ப நாய், கும்கி எல்லாம் இறங்கின. மூன்று வாரம் கழித்து அக்டோபர் 15-இல் மசினகுடி பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் ட்ரோனைப் பற்றிப் பேசவில்லை. தடம் பார்த்து நடந்த முதுமலைப் பழங்குடிக் காவலர்களைப் பற்றித்தான் பேசினார்கள். உலகம் இப்போது அந்த அறிவின் ஒரு துண்டைக் கண்டுகொண்டிருக்கிறது: கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் உண்ணிச்செடிக் கம்புகளால் நிஜ அளவில் பின்னிய யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, பிறகு அமெரிக்காவைச் சுற்றின. காட்டை மூடிய அந்நியச் செடியை வெட்டி யானை செய்து விற்பது நல்ல காரியம்தான். விற்ற யானையை விட நிற்கிற யானையைப் பற்றி அவர்களிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.

கிளம்பும் நாள் ஒருவரைப் பார்க்கப் போனேன். பெட்டக்குறும்பர், வேட்டைத் தடுப்புக் காவலராகப் பல வருடம் இருந்து, வேலையிலிருந்து நின்றவர். வீட்டின் பின்னால் யானை போன தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முந்தின ராத்திரி போனதா என்றேன். குனிந்துகூடப் பார்க்காமல், இல்லை, அதற்கு முந்தின நாள், குட்டியோடு இரண்டு பெண் யானை, அவசரமில்லாமல் போயிருக்கிறது என்றார். அவரிடம் ஆய்வாளர்கள் அடிக்கடி வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசுவார்கள் என்றார். ஒரு குழு, பேரூராட்சி எல்லைக்குள் யானை நடக்கிற பாதைகளை ஒரு படமாக வரைந்து தரச் சொல்லிக் கேட்டதாம், திட்டம் போட உதவும் என்று.

"எந்த மாசத்துப் படம்னு கேட்டேன் சார். வைகாசி, ஆனியில பலாவுக்கு ஒரு வழி. கார்த்திகை, மார்கழியில வயல்ல கதிருக்கு இன்னொரு வழி. மாசி, பங்குனியில அந்தப் பக்கம் காடு காஞ்சா தண்ணிக்கு வர்ற வழி வேற. எஸ்டேட்ல புதுசா வேலி போட்டா எல்லாமே மாறும். அப்ப பன்னெண்டு படம் ஆகும், அடுத்த வருசம் மறுபடி வரணும்னேன்."

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒரு படம் போதும்னாங்க. வரைஞ்சு குடுத்தேன். ஆனிக்கு."